பட்டன் இருக்கும் பக்கம்

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த சனாவுல்லாவின் இடது கைக் கட்டைவிரல், அவருடைய கடையின் இரும்பு மடக்குக் கதவில் சிக்கி நசுங்கியது. வேறொருவருக்கு என்றால் தானாக ஆறியிருக்கும். அவருக்குச் சர்க்கரை இருந்தது. புண் கறுத்து மேலே ஏறத் தொடங்கியதும், விரலை அடியோடு எடுத்தால்தான் கை தங்கும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்தார்கள். கை தங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வேலையையும் அவர் புதிதாகப் பழகிக்கொண்டார். கைலியை இறுக்கிக் கட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, துணியை உதறி மடிப்பது எல்லாம் மெல்ல மெல்ல வந்தன. அவர் மனைவி ரம்லத் எதிலும் குறுக்கே போகவில்லை. யாராவது உதவிக்கு வந்தால் அவருக்கு முகம் சுருங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கார்தான் வழிக்கு வரவில்லை.

அது பழைய நீல நிற டொயோட்டா. ஆட்டோ கியர் வண்டி. சனாவுல்லாவின் இடது முழங்கால் தேய்ந்துபோய், கோலாலம்பூர் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இரவெல்லாம் வலியில் புரண்ட பிறகுதான் அதை வாங்கினார். கிளட்ச் இல்லை, கால் பிழைத்தது என்று இரண்டு வருஷம் நிம்மதியாக ஓட்டினார். இப்போது பார்த்தால் அந்த வண்டிக்குக் கட்டைவிரல் வேண்டியிருந்தது. கியர் பிடியின் வலது பக்கத்தில், ஓட்டுகிறவரைப் பார்த்தபடி ஒரு பட்டன். இடது கையால் பிடியைப் பற்றினால் கட்டைவிரல் நேராக அதன்மேல் போய் உட்காரும். அதை அழுத்தினால்தான் கியர் வண்டியை நிறுத்திவைக்கும் 'பி'யிலிருந்து நகரும், பின்னால் போகும் 'ஆர்' விழும். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், வழுக்கியது. வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். வீட்டு வாசலில் சரியாக வந்தது. கடைத்தெருவில் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு உடம்பை முறுக்கிக்கொண்டு தடவுவது சரிப்படவில்லை. ஒருமுறை அடுத்த கடையின் பூந்தொட்டி உடைந்தது.

"நீங்க கல்லாவுல உக்காருங்க காக்கா. வெளி வியாபாரத்துக்கு ஓர் ஆளைப் போட்டுக்கலாம்" என்றார் தம்பி பீர் முகம்மது. கடையைப் பார்த்துக்கொண்டது அவர்தான். வீடு வீடாகச் சேலையும் கைலியும் கொண்டுபோய்க் கொடுப்பது சனாவுல்லாவின் பங்கு. பண்டமாரானில் துறைமுக வேலைக்காரர்களின் வீடுகள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், அதைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்காரர்களின் பெரிய வீடுகள். அந்தத் தெருக்களில் அவர் குரல் கேட்டாலே கதவு திறக்கும். கல்லாவில் உட்காரச் சொன்ன அன்று அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலை, மூட்டைகளைக் காரில் ஏற்றிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெறுமனே நிற்பதை ரம்லத் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, முன் இருக்கையில் இடப் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர்றே?"

"நீங்க பிரேக்கை மிதிங்க. எதுல போடணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சுற்றிவந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு எஞ்சினைக் கிளப்பி, பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்த்தபடி, "ஆர்" என்றார்.

அவள் பட்டனை அழுத்தி இழுத்தாள். முதல் தடவை 'ஆர்' தாண்டி அடுத்ததில் போய் விழுந்தது. "மெதுவா, மெதுவா, பாசார்ல மீனையா இழுக்கிறே?" என்றார். இரண்டாம் தடவை சரியாக விழுந்தது. கார் பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்தது. "டி" என்றார். அன்று பண்டமாரானுக்குப் போய்த் திரும்பினார்கள்.

அப்படித்தான் அது தொடங்கியது. சில வாரங்களில் அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவர் கண்ணாடியைப் பார்க்கும் விதத்திலேயே 'ஆர்' வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுவரை ரம்லத்துக்குக் கோலாலம்பூர் என்றால் கல்யாண மண்டபமும் ஆஸ்பத்திரியும்தான். இப்போது எந்தச் சந்தில் புகுந்தால் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலைத் தவிர்க்கலாம் என்று அவளே சொன்னாள். முதலில் காரிலேயே இருந்தாள். பிறகு, வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று வீட்டுப் பெண்கள் கூப்பிட, உள்ளே போனாள். ஆண்களிடம் கேட்கக் கூச்சப்படும் விஷயங்களை அவர்கள் அவளிடம் கேட்டார்கள். இந்த நிறத்தில் என் கழுத்துக் கறுப்புத் தெரியுமா, உள்பாவாடைத் துணி இருக்கிறதா, இந்தச் சேலை துவைத்தால் சுருங்குமா. மூட்டைகள் முன்பைவிட இளைத்துத் திரும்பின. மகளைப் பினாங்கில் கட்டிக்கொடுத்த பிறகு பகல் முழுவதும் வானொலியோடு கிடந்தவளுக்கு, சாயங்காலம் கால் வலிப்பதே ஒரு புது ருசியாக இருந்தது.

சனாவுல்லாவுக்கு அப்படியில்லை. அவர் நன்றாகத்தான் பேசினார், சிரித்தார். ஆனால் ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில், சாப்பாட்டுக் கடை வாசலில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, தெரிந்த துணி வியாபாரி ஒருவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"என்ன பாய், வீட்டுல கியர் போட்டாத்தான் வண்டி நகருமா?" என்று கேட்டுவிட்டு, நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

சனாவுல்லாவும் சிரித்தார். ஆனால் கிள்ளான் வந்ததும், வீட்டுக்குப் போகாமல் நேராக வாசுவின் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

வாசு பல வருஷங்களாக அவர்களுடைய வண்டிகளைப் பார்ப்பவன். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"பட்டனை உள்ளேயே அழுத்தி வச்சுக் கட்டிடலாம் பாய். அப்புறம் அழுத்தவே வேணாம், இழுத்தா வரும். ஆனா அது நல்லதில்லை லா. பட்டன் எதுக்கு வச்சிருக்கான்? கியர் தானா நகரக் கூடாதுன்னுதானே?"

"நான் பாத்து ஓட்டிக்கறேன். நீ கட்டு."

"கை பட்டாலே போயிடும் பாய்."

"நாப்பது வருஷமா வண்டி ஓட்டறேன் வாசு. கட்டுன்னா கட்டு."

வாசு ரம்லத்தைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அந்தக் கடை வாசல் சிரிப்பு அவள் காதிலும் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசு பட்டனை உள்ளே தள்ளி, வெளியே வராதபடி ஒரு சிறு ஆணியை முட்டுக்கொடுத்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டான். சனாவுல்லா தன் நாலு விரலால் பிடியைப் பற்றி 'பி'யிலிருந்து 'டி' வரைக்கும் இழுத்துப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று. அன்று வீட்டுக்கு அவரே கியர் போட்டு ஓட்டினார். பக்கத்தில் ரம்லத் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸுக்கு மட்டும் அவளைக் கூட்டிப்போனார். குணபூசணி டீச்சர் தன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலைகள் கொண்டுவரச் சொல்லியிருந்தார், ரம்லத்தும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருப்பவர். ஒரு சேலை எடுக்க ஒரு மணி நேரம் பேசுவார்.

டீச்சரின் வீடு மேட்டில் இருந்தது. தெருவிலிருந்து வாசல்வரை சிமெண்டுச் சரிவு. தெருவுக்கு எதிர்ப்புறம் பெரிய மழைநீர்க் கால்வாய். சனாவுல்லா சரிவில் ஏறி, வாசலருகே காரை நிறுத்தி, 'பி'யில் போட்டார். தூறிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைக்காமல், டீச்சரைக் கூப்பிட இறங்கிப் போனார். ரம்லத்தின் காலடியில் கைலி மூட்டை இருந்தது. அதைப் பின் இருக்கைக்குத் தள்ளிவிட்டு அங்கே இருந்த பட்டு மூட்டையை எடுக்கலாம் என்று அவள் திரும்பினாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் மூட்டையைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோகும்போது அதன் முடிச்சு கியர் பிடியில் மாட்டிக்கொண்டது. மூட்டையோடு பிடியும் பின்னால் வந்தது.

கார் நகர்ந்தது.

முதலில் அவளுக்கு வீடுதான் முன்னால் தள்ளிப்போவதுபோல் தெரிந்தது. கதவில் கைவைத்தபடி நின்ற கணவர் திரும்பி, வாயைத் திறந்து, நொண்டிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். கியரைப் பிடித்து 'பி'க்குத் தள்ளினாள். அடியில் கடகடவென்று பல்லை நெரிப்பதுபோல் சத்தம் வந்ததே தவிர, கார் நிற்கவில்லை. சரிவு முடிந்து பின்சக்கரங்கள் தெருவில் இறங்கின. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வளைந்து ஒதுங்கித் திட்டிக்கொண்டே போனார். அப்போதுதான் அவள் கண்ணில் கைப்பிரேக் பட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கார் உறுமி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு பின்சக்கரம் கால்வாய்க்குள் தொங்கியது.

சனாவுல்லா கதவைத் திறந்தபோது அவள் இன்னும் கைப்பிரேக்கை விடவில்லை.

"விடு புள்ள. நின்னுடுச்சு. விடு."

அவர் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். 

குணபூசணி டீச்சர் குடையோடு இறங்கி வந்தார். "ஐயோ, அடி ஏதும் பட்டதோ பிள்ளை? உள்ளுக்கு வாங்கோ ரெண்டு பேரும். முதல்ல சூடா ஏதும் குடியுங்கோ. கார் எங்கயும் போகாது."

"போகாதுன்னு நெனச்சுத்தான் டீச்சர் எறங்குனேன்" என்றார் சனாவுல்லா. யாரும் சிரிக்கவில்லை.

கோப்பிக் கடையிலிருந்து வந்த ஆட்கள் பின்பக்கத்தைத் தூக்கிக் காரைத் தெருவில் வைத்தார்கள். ஒரு பின்விளக்கு உடைந்திருந்தது, பம்பர் உள்ளே போயிருந்தது, அவ்வளவுதான். சனாவுல்லா எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு காருக்குள் உட்கார்ந்து, அந்தக் கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்தார். ஆணியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தார். பட்டன் டக்கென்று வெளியே வந்தது.

"இனிமே நான் ஓட்டலை. வித்துடலாம்" என்றார். "நான் பின்னால நின்னிருந்தா என்னோட போயிருக்கும். நீ உள்ளே இருந்தே."

ரம்லத் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, 'டி'யில் போட்டாள். "மொதல்ல வீட்டுக்குப் போவோம்."

பெடரல் சாலையில் வழி முழுக்க நெரிசல். வண்டி நின்று நின்று போனது. ரம்லத்தின் கை பயத்தில் கியர் பிடியைவிட்டு அகலவில்லை. அப்போதுதான் தன் கையைச் சரியாகப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்துகிறோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியில்லை. கட்டைவிரல் இந்தப் பக்கம், அவள் பக்கம் சும்மா இருந்தது. பிடியைச் சுற்றி அந்தப் பக்கம் போன மற்ற விரல்கள்தான் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தன. பட்டன் அவருக்கு எதிரில் இருப்பதால் அவருக்குக் கட்டைவிரல் வேண்டியிருக்கிறது. அதுவே அவள் பக்கம் இருந்தால், அவருடைய நாலு விரலும் அதன்மேல் போய் உட்காரும்.

 உடனே சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொன்னால் இந்த இருக்கையில் அவளுக்கு வேலை இல்லை. பிரிக்பீல்ட்ஸும் பண்டமாரானும், முற்றத்தில் பரப்பிய சேலைகளும், அவளைச் சுற்றி உட்காரும் பெண்களும் போய்விடும். திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்காரச் சொன்ன அன்று இருந்த முகம்.

"ஏங்க, இந்தப் பட்டன் என் பக்கம் இருந்தா நீங்களே அழுத்திடுவீங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. அடுத்த நெரிசலில் கார் நின்றபோது அவர் கையை எடுத்து, தன் கையை விலக்கிவிட்டு, பிடியின்மேல் வைத்துக் காட்டினாள். அவருடைய விரல் நுனிகள் இடப் பக்கம் வெறும் பிளாஸ்டிக்கை அழுத்தின. ஒருமுறை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"அடடா" என்றார். பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது.

வாசு அன்றே பிடியைக் கழற்றினான். கழுத்தில் இரண்டு திருகாணிகள். அவற்றை எடுத்ததும் பட்டனுக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் துள்ளி இருக்கைக்கடியில் ஓடியது. பிடியைத் திருப்பி வைத்துப் பார்த்தான். திருகாணி போய் உட்காரத் தண்டில் ஒரு பக்கம்தான் பள்ளம் இருந்தது. திருப்பி வைத்தால் பட்டனின் நாக்கு உள்ளே இருக்கும் கம்பியைத் தொடவும் இல்லை.

"இது இந்தப் பக்கத்துக்குன்னே செஞ்சது அக்கா. அந்தப் பக்கம் பட்டன் இருக்கிற நோப் எவன் செய்வான்?"

ரம்லத் யோசித்தாள். அவளும் கணவரும் ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது, ஜித்தாவில் டாக்சியில் ஏறப்போய், அவர் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு அசடு வழிந்தது நினைவுக்கு வந்தது.

"ஜித்தாவுல ஸ்டீயரிங் இடப் பக்கம்லா வாசு. அங்க ஓடுற காருல பட்டன் எந்தப் பக்கம் இருக்கும்?"

வாசு கையிலிருந்த பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அக்கா, நீங்க பட்டறைக்கு வந்துடுங்க" என்றான்.

ஆனால் ஜித்தாவில் ஓடும் காருக்குக் கிள்ளானில் எங்கே போவது? பிடியைப் பழையபடி மாட்டிக்கொண்டு, பழைய கார்களை அறுத்து உதிரிப் பாகம் விற்கும் கடைகளில் தேடினார்கள். செலாயாங்கில் ஒருவர் கேட்டுவிட்டுக் கேலியாகச் சிரித்தார். இன்னொருவர், தலைகீழாக ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டார். எல்லாக் கடைகளுக்கும் போக ரம்லத்தான் கியர் போட்டாள். கடைசியில் ஓர் ஆள் அம்பாங்குக்குப் போகச் சொன்னார். அங்கே தூதரகங்கள் இருக்கின்றன, வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்க் கார்களைக் கொண்டுவந்து விட்டுப்போவதுண்டு என்றார்.

அம்பாங் கடைக்காரர் ஒரு சீனக் கிழவர். சனாவுல்லா மலாய் மொழியில் விளக்கி, தன் கையையும் காட்டினார். அவர் அந்தக் கையைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனார். முன்பக்கம் நசுங்கிய டொயோட்டா ஒன்று புல்லுக்கு நடுவில் கிடந்தது. ஸ்டீயரிங் இடப் பக்கம். உள்ளே எலி கடித்த இருக்கைகளுக்கு நடுவில், பழுப்பு நிறத்தில் கியர் பிடி. பட்டன் இடப் பக்கத்தில் இருந்தது.

சனாவுல்லா அதைப் பற்றி அழுத்தினார். பட்டன் அழுந்தியது. அவர் திரும்பி ரம்லத்தைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

வாசு அதை மாட்ட அதிக நேரம் எடுக்கவில்லை. காரின் சாம்பல் நிற உட்புறத்தில் பழுப்புப் பிடி ஒட்டாமல்தான் தெரிந்தது. சனாவுல்லாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. 'பி', 'ஆர்', மறுபடி 'பி'. மூட்டையை மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னார். வாசு ஒரு டயரையே மாட்டி இழுத்தான். கியர் அசையவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் அவர் தனியாகப் போய்வந்தார். போக வேண்டாம் என்று ரம்லத் சொல்லவில்லை, நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, அது அவளுக்குப் புரிந்தது. வீட்டில் இருந்துகொண்டு மீன் ஆணம் காய்ச்சினாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள், வானொலியைப் போட்டாள், அணைத்தாள். அவர் சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு திரும்பிவந்தார். பிரிக்பீல்ட்ஸ் போன அன்று மட்டும் மூட்டை கனமாகத் திரும்பியது. 

அன்று சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் வரேன்."

"எதுக்கு? இப்பதான் கை சரியாப் போச்சே. நீ ஏன் வெயில்ல அலையணும்?"

"உங்க கைக்காக இல்ல. எனக்குப் போகணும். டீச்சர் வீட்டுப் பட்டு இன்னும் முடியலை. குவார்ட்டர்ஸ்ல நேசம்மாவுக்கு ரெண்டு சேலை சொல்லி வச்சிருக்கேன். அது என் வியாபாரம்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். 'என் வியாபாரம்' என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. அவளுக்கே அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் காதில் விழுந்தது. ஆனாலும் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"டீச்சர் என்னைக் கதவுக்கு வெளியவே நிக்க வச்சிருச்சு" என்றார் அவர், மீனைப் பிய்த்துக்கொண்டே. "ரம்லத் வராம நான் எப்படி நிறம் பாக்கிறதுன்னு கேட்டுச்சு. நேசம்மாவும் அதையே கேட்டா. எனக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு அவளுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். "செவ்வாய்க்கிழமை வெள்ளனக் கெளம்பணும். பட்டு மூட்டையைப் பின்சீட்டுல வச்சுடாதே. டிக்கியில வை."